பிடுங்குமுன் பிரித்தறியுங்கள்: கொழும்பின் ஈரநிலங்களில் ஆக்கிரமிப்புச் செடிகளை அகற்றும் முறை

ஈரநிலங்களைக் காப்பதற்கான சர்வதேச உடன்படிக்கையான ராம்சாரின் கீழ், கொழும்பு 2018ஆம் ஆண்டு ஒக்டோபரில் ஈரநில நகரமாக அங்கீகாரம் பெற்றது. கையுறையும் பூட்ஸுமாகக் கால்வாய்க் கரையில் இறங்கிக் களை பிடுங்க விரும்பும் ஆர்வலர்கள் இன்று பலர். அந்த ஆர்வத்தைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் எது அந்நியச் செடி, எது நம் மண்ணின் செடி என்று தெரியாமல் கைவைத்தால், அரியதை அழித்துவிட்டுக் களையைப் பரப்பியவர்களாகிவிடுவோம். ஆகையால் இவ்வேலையின் பெரும்பங்கு நீரில் இறங்குவதற்கு முன்பே, கண்ணால் செய்யப்பட வேண்டியது.

பெயரிலிருந்தே குழப்பம் தொடங்குகிறது. ஊதாப் பூவும் காற்று நிரம்பிய பருத்த காம்பும் கொண்டு மிதக்கும் ஐக்கோர்ணியாவை நம்மவர்கள் ஆகாயத் தாமரை என்கிறார்கள். சித்த மருத்துவ நூல்களிலோ அப்பெயர் கோவா இலைபோல் அடுக்கடுக்காக மிதக்கும் வேறொரு செடிக்கு உரியது. சிங்களத்தில் ஐக்கோர்ணியாவை ஜப்பான் ஜபர என்பார்கள். ஆனால் அதன் தாயகம் ஜப்பானன்று, தென் அமெரிக்கா. இந்த ஒரு செடிக்கு எதிராகவே 1909ஆம் ஆண்டில் இலங்கையில் தனிச் சட்டம் இயற்றப்பட்டது என்பதிலிருந்து, அதன் பரவலை அன்றைய ஆட்சியாளர் எவ்வளவு அஞ்சினர் என்பதை ஊகிக்கலாம். நீரில் மிதந்து பரவும் இன்னோர் அந்நியச் செடியான சல்வீனியாவின் கதை இன்னும் நெருக்கமானது: அது 1939இல் கொழும்புப் பல்கலைக்கழகக் கல்லூரியின் தாவரவியல் துறை வழியாகவே இலங்கைக்குள் வந்தது.

சல்வீனியாவை அடையாளம் காண்பது எளிது. ஓர் இலையை எடுத்து வெளிச்சத்துக்கு நேரே சாய்த்துப் பாருங்கள். மேற்பரப்பில் நிற்கும் நுண்ணிய மயிர்கள் நுனியில் ஒன்றுசேர்ந்து, முட்டை அடிக்கும் கம்பிக் கரண்டியின் வடிவில் இருக்கும். அவற்றின் மேல் விழும் நீர்த்துளி ஒட்டாமல் உருண்டோடும். ஒவ்வொரு கணுவிலும் இரண்டு இலைகள் மிதக்க, மூன்றாவது நீருக்குள் வேர்போலத் தொங்கும். இது விதையால் பெருகுவதில்லை. உடைந்த துண்டுகளால் பெருகுகிறது. ஆகவே தடியால் அடிப்பதும் படகுத் துடுப்பால் கலைப்பதும் அதற்கு நாம் செய்யும் உபகாரமாகவே முடியும்.

மிகுந்த கவனம் வேண்டியது பொன்னாங்காணி விடயத்தில். சந்தையில் கட்டுக்கட்டாக வாங்கும் பொன்னாங்காணிக்கும், அலிகேட்டர் வீட் எனப்படும் தென் அமெரிக்கக் களைக்கும் இலையளவில் பெரிய வேறுபாடு இல்லை. அவுஸ்திரேலியாவில் குடியேறிய இலங்கையர் பலர் கீரை என்று நம்பி அக்களையையே வீட்டுத் தோட்டங்களில் வளர்த்து வந்தது 1990களில் தெரியவந்தது. அதிகாரிகள் மாற்றுக் கீரைச் செடி கொடுத்து அதை மீட்க நேர்ந்தது. வேறுபாட்டைப் பூவில் தேடுங்கள். பொன்னாங்காணியின் வெண்பூக்கள் காம்பில்லாமல் இலைக்கக்கத்திலேயே ஒட்டியிருக்கும். களையின் பூவோ, காகிதத்தில் செய்த சிறு பந்துபோல, பல சென்ரிமீற்றர் நீண்ட காம்பின் நுனியில் தனியே நிற்கும். முதிர்ந்த தண்டை நகத்தால் வெட்டினால் உள்ளே குழலாக இருப்பதும் அக்களையின் அடையாளம். பூக்காத நிலையில் ஐயம் தீராவிட்டால் பிடுங்காதீர்கள். படமெடுத்து வைத்துக்கொண்டு, பூக்கும்வரை பொறுத்திருங்கள்.

கரையில் மஞ்சள் பூவுடன் படரும் வெடெலியாவும் இவ்வாறே. அழகுச் செடியாக வந்த அதன் இலை பெரும்பாலும் மூன்று மடல்களாகப் பிரிந்திருக்கும். மருந்துக்குரிய மஞ்சள் கரிசலாங்கண்ணியின் இலை ஒடுங்கி நீண்டது. நீலோற்பலத்துக்கும் இந்தச் சோதனை உண்டு. நமது தேசிய மலரின் நிறம் வெளிர் நீலம். பூச்சாடிகளிலும் பூசைத் தட்டுகளிலும் அடிக்கடி காணும் அடர் ஊதா மலர் ஒரு கலப்பினம் என்பதைப் பேராதனைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டியுள்ளனர். வெளிர் நீலப் பூவைக் கண்டால் அதைச் சுற்றியுள்ள சல்வீனியாவைக் கையால் மட்டுமே விலக்குங்கள். களை அள்ளும் வாரியை அவ்விடத்தில் போடாதீர்கள்.

இனி அகற்றும் முறை. பெல்லன்வில – அத்திடிய போன்ற சரணாலயங்களில் வனஜீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதி பெற்ற பின்னரே இறங்க வேண்டும்; ஏனைய கால்வாய்களிலும் அவற்றைப் பராமரிக்கும் நிறுவனத்துக்கு அறிவித்துவிட்டுச் செல்வதே முறை. மழை குறைந்து நீர்மட்டம் தாழும் ஜனவரி முதல் மார்ச் வரையான காலம் உகந்தது. வெள்ளநீரில் எலிக்காய்ச்சல் அபாயம் உள்ளதால், காலில் கீறல் உள்ளவர்கள் கரையிலேயே நிற்கட்டும். முதலைகளும் இந்நீர்நிலைகளில் உண்டு. தனியாக இறங்குவது வீரமாகாது.

முதலில் நீரோட்டத்தின் கீழ்ப்பக்கத்தில் மூங்கில்களை நட்டு, சிறுகண் வலையொன்றை நீரின் குறுக்கே கட்டுங்கள்; நழுவும் துண்டுகள் அதில் சிக்கும். பிறகு மேற்பக்கத்திலிருந்து கீழ்நோக்கிச் செடிகளை வாரி அள்ளுங்கள். அள்ளிய செடியை ஒரு தட்டில் உதறினால் மீன்குஞ்சுகளும் நத்தைகளும் உதிரும். அவற்றை நீரிலேயே விட்டுவிடுங்கள். ஐக்கோர்ணியாவைப் பூப்பதற்கு முன் எடுத்துவிடுவது முக்கியம், ஏனெனில் அதன் விதை சேற்றில் 20 ஆண்டுகள் வரைகூட உயிரோடு கிடக்கக்கூடியது. அலிகேட்டர் வீட் களையை இழுத்துப் பிடுங்கக் கூடாது. ஒரு கணு எஞ்சினாலும் அது மீண்டும் முளைக்கும் என்பதால், வேரோடு தோண்டி எடுக்க வேண்டும்.

அள்ளியதை எங்கே போடுவது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். நானும் ஒருமுறை சல்வீனியாவை உரப்பையில் கட்டி வீட்டு வாசலோரம் வைத்து மறந்துபோனேன். ஒரு வாரம் கழித்து அவிழ்த்தபோது, நடுவிலிருந்த செடிகள் பச்சை மாறாமல் கிடந்தன; அந்தப் பையை மழைநீர் வடிகாலுக்குப் பக்கத்தில் வைத்திருந்தேன் என்பதை நினைத்தால் இன்றும் கூசுகிறது. ஆகவே வெள்ளம் எட்டாத மேட்டில் படங்கு விரித்து மெல்லிய படையாகப் பரப்பி, நொறுங்கும்வரை வெயிலில் காயவிடுங்கள். காய்ந்த ஐக்கோர்ணியாவைக் கூட்டெரு ஆக்கலாம், ஆனால் அது நீரிலுள்ள பார உலோகங்களை உறிஞ்சி வைத்திருக்கும் செடி. நகரக் கால்வாயில் எடுத்ததைப் பூஞ்செடிக்கு இடுங்கள், கீரைப் பாத்திக்கு வேண்டாம். அலிகேட்டர் வீட் களையைக் கூட்டெருவில் சேர்க்கவே கூடாது. அதைக் கறுப்புப் பொலித்தீனில் இறுகக் கட்டி, முழுதும் அழுகும்வரை வெயிலில் வையுங்கள்.

மூன்று வாரம் கழித்து அதே இடத்துக்குத் திரும்பிச் சென்று, கரையோரப் புற்களின் அடியை விரலால் விலக்கிப் பாருங்கள். தப்பிய துண்டுகள் முதலில் துளிர்ப்பது அந்த நிழலில்தான்.