ஐரிஷ் மொழிப் படத்துக்கு நிதி கேட்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அயர்லாந்தில் ஐரிஷ் மொழியில் தங்கள் முதல் முழுநீளப் படத்தை எடுக்க முனையும் இளைஞர்களின் நிதி விண்ணப்பங்களை, அவை அனுப்பப்படுவதற்கு முன் படித்துத் திருத்திக் கொடுப்பது என் வேலையின் ஒரு பகுதி. நாங்கள் இத்துறைக்கு வந்த புதிதில் செய்த பிழைகளையே இவர்களும் செய்வதைப் பார்க்கும்போது, யாரேனும் இவற்றை எழுதி வைத்திருக்கலாமே என்று தோன்றும். படிவத்தில் கையெழுத்து விடுபடுவது, கடைசி நாள் தவறுவது போன்றவற்றை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நல்ல திரைக்கதையையே வீழ்த்திவிடும் தவறுகளைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முழுக்க ஐரிஷ் மொழியில் அமைந்த முதல் கதைப்படமான 'பொட்சீன்' 1978இல் பாப் குவின் எடுத்தது. அதன் பிறகு பல பத்தாண்டுகளுக்கு இம்மொழியில் படங்கள் அத்திபூத்தாற்போலத்தான் வந்தன. ஐரிஷ் மொழித் தொலைக்காட்சியான டிஜி4, அரசின் திரைப்பட நிறுவனமான ஸ்கிரீன் அயர்லாந்து, ஒலிபரப்பு ஒழுங்குமுறை ஆணையம் ஆகிய மூன்றும் சேர்ந்து 2017இல் ஐரிஷ் மொழிப் படங்களுக்கு நிதி தரும் 'சினி4' திட்டத்தைத் தொடங்கிய பிறகே நிலைமை மாறியது. ஒரு படத்துக்கு 12 லட்சம் யூரோ வரை செலவிடலாம் என்ற வரம்புக்குள் 'அராக்ட்', 'ஃபொஸ்கா', 'ரோஷா அண்ட் ஃபிராங்க்', 'அன் காலீன் க்யூன்' ஆகிய படங்கள் இத்திட்டத்தில் உருவாயின. இன்று விண்ணப்பிக்கும் இளைஞர்கள் எல்லாருடைய கண்ணும் இத்திட்டத்தின் மீதுதான் இருக்கிறது.

மக்கள்தொகைக் கணக்கைப் பார்வையாளர் கணக்காகக் காட்டுவது

இந்தத் தவறு எனக்கு இன்றுவரை எரிச்சலூட்டுகிறது. 'உங்கள் படத்தின் பார்வையாளர் யார்' என்ற கேள்விக்கு ஏறக்குறைய எல்லா விண்ணப்பங்களும் ஒரே வாக்கியத்தில்தான் பதிலைத் தொடங்குகின்றன: 2022ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி 18,73,997 பேர் தங்களுக்கு ஐரிஷ் பேசத் தெரியும் என்று கூறியிருக்கிறார்கள், ஆகவே அவர்களே எங்கள் பார்வையாளர்கள். எண் சரியானதுதான். ஆனால் அதே கணக்கெடுப்பில், பள்ளி, கல்லூரிகளுக்கு வெளியே ஐரிஷை அன்றாடம் பேசுவோர் 71,968 பேர் மட்டுமே என்பதையும், மிக நன்றாகப் பேசுவதாகச் சொன்னவர்கள் ஏறத்தாழ 1,95,000 பேர்தான் என்பதையும் யாரும் எழுதுவதில்லை. 'தெரியும்' என்ற கட்டத்தில் குறியிட்டவர்களில் பெரும்பாலோர் பள்ளியில் அதைக் கட்டாயப் பாடமாகப் படித்தவர்கள். ஐரிஷ் படம் பார்க்க வந்தால் அவர்களும் திரையின் அடியில் ஓடும் ஆங்கில சப்டைட்டிலைத்தான் படிப்பார்கள். இடையிடையே தெரிந்த சொல் காதில் விழும்போது அவர்களுக்கு உண்டாகும் மகிழ்ச்சி உண்மையானது. ஆனால் அந்த மகிழ்ச்சிக்காக மட்டும் ஒருவர் மழை நாளில் பேருந்து ஏறித் திரையரங்குக்கு வந்துவிட மாட்டார்.

ஒரு குழுவின் திரைக்கதை என் நினைவில் நிற்கிறது. மேற்குக் கரையோரத் தீவு ஒன்றின் கடைசித் தபால்காரர், பட்டுவாடா செய்யாமல் பல ஆண்டுகளாக ஒளித்துவைத்திருந்த ஒரு கடிதத்தோடு பெருநிலத்துக்குப் படகேறுகிறார் என்பது கதை. படித்து முடித்ததும் அன்றே அவர்களைத் தொலைபேசியில் அழைத்துப் பேசினேன். அவ்வளவு நன்றாக இருந்தது. ஆனால் பார்வையாளர் பகுதியில் அந்தப் பதினெட்டு லட்சமும், அதைத் தொடர்ந்து மொழி தேய்ந்துவருவதைப் பற்றியும் அரசின் கடமையைப் பற்றியும் ஒன்றரைப் பக்கமும் இருந்தன. மாற்றும்படி சொன்னேன், மாற்றவில்லை. பிறகு ஒரு சந்திப்பில் விநியோகஸ்தர் ஒருவர் அவர்களிடம் கேட்டார்: "கார்க் நகரத்தில், படம் வெளியான இரண்டாம் வெள்ளிக்கிழமை மாலைக் காட்சிக்கு யார் வந்து உட்காருவார்கள்?" இயக்குநர் சற்று யோசித்து, "ஐரிஷை நேசிப்பவர்கள்" என்றார். அந்தச் சுற்றில் அவர்களுக்கு நிதி கிடைக்கவில்லை. அடுத்த அழைப்பு வருவதற்குள் தபால்காரராக நடிக்க ஒப்புக்கொண்டிருந்த மூத்த நடிகர் வேறு தொடருக்குப் போய்விட்டார்.

இந்தத் தவறு விண்ணப்பத்தோடு நின்றுவிடுவதில்லை, திரைக்கதைக்குள்ளும் புகுந்துவிடுகிறது. மொழிக்காகவே மக்கள் வருவார்கள் என்று நம்புகிறவர், மொழிக்காகவே காட்சிகளை எழுதத் தொடங்குகிறார். தபால்காரர் கதையிலும் அப்படி ஒரு காட்சி இருந்தது: தீவின் ஆசிரியை மூன்று பக்கங்களுக்குத் தாய்மொழியின் அருமையைப் பேசுகிறார், அதற்குள் கடிதத்தை எல்லாரும் மறந்துவிடுகிறோம். அந்தக் காட்சியை எடுத்துவிட்டுப் படித்துப் பார்த்தபோது கதை மூச்சு விட்டது.

'அன் காலீன் க்யூன்' எப்படிப் பார்வையாளரை அடைந்தது என்பதை ஒவ்வொரு குழுவும் நாள் வாரியாக எடுத்து வைத்துப் படிக்க வேண்டும். கிளேர் கீகன் ஆங்கிலத்தில் எழுதிய கதையிலிருந்து கொலம் பரேட் இயக்கிய அப்படம், 2022 பிப்ரவரியில் பெர்லின் விழாவின் இளையோர் பிரிவில் பரிசு பெற்றது. அதே மாதம் டப்ளின் விழாவின் தொடக்கப் படமாகத் திரையிடப்பட்டது. மார்ச்சில் அயர்லாந்தின் திரைத்துறை விழாவில் ஏழு விருதுகளை வென்றது. மே மாதத்தில் திரையரங்குகளுக்கு வந்தது. அயர்லாந்திலும் பிரிட்டனிலும் சேர்த்துப் பத்து லட்சம் யூரோவுக்கு மேல் வசூலித்த முதல் ஐரிஷ் மொழிப் படமாக அது ஆனது. 2023 ஜனவரியில் சிறந்த சர்வதேசப் படத்துக்கான ஆஸ்கர் பரிந்துரையும் கிடைத்தது. பிரிட்டனில் சீட்டு வாங்கியவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு ஐரிஷ் ஒரு சொல்லும் தெரிந்திருக்காது. அன்பு கிடைக்காத ஒரு சிறுமி கோடைக்காலத்துக்கு மட்டும் உறவினர் வீட்டில் விடப்படுகிறாள் என்ற கதைக்காக அவர்கள் வந்தார்கள்.

அதே பெயருள்ள ராப் குழுவைப் பற்றிய 'நீகேப்' படம் சென்ற வழி வேறு. படம் தொடங்குவதற்கு முன்பே பெல்ஃபாஸ்ட்டின் அந்த ராப் குழுவுக்குக் கச்சேரிக்கு வரும் இளைஞர் கூட்டம் இருந்தது. 2024 ஜனவரியில் சன்டான்ஸ் விழாவில் பார்வையாளர் விருது பெற்ற அப்படத்தின் தயாரிப்பாளர்களால், யார் வருவார்கள் என்ற கேள்விக்குக் கச்சேரி அரங்கைக் கைகாட்ட முடிந்தது. உங்களாலும் ஏதோ ஓர் அரங்கைக் கைகாட்ட முடிய வேண்டும். திரைப்படச் சங்கங்கள், படகுப் போட்டிக் கழகங்கள், திகில் பட ரசிகர்கள், பேரப்பிள்ளைகளோடு பகல் காட்சிக்கு வரும் பாட்டிகள் என்று எந்தக் கூட்டமானாலும் சரி, பெயர் சொல்லி எழுதுங்கள். அவர்களை எப்படிச் சென்றடைவீர்கள் என்பதையும், அதற்கு ஆகும் செலவையும் அதன் கீழே எழுதுங்கள். மக்கள்தொகைக் கணக்கை எழுதியே ஆக வேண்டுமென்றால், மூன்று எண்களையும் சேர்த்து எழுதுங்கள்.

வென்ற படத்தை மறுபடி எழுதுவது

வேண்டாம்.

ஆங்கிலத்தில் எழுதிவிட்டுக் கடைசியில் ஐரிஷுக்கு மாற்றுவது

ஆங்கிலப் படத்துக்கு நிதி கிடைக்காதவர்கள், அதே திரைக்கதையை ஒருவரிடம் கொடுத்து ஐரிஷ் ஆக்கிக்கொண்டு வருகிறார்கள். படிக்கத் தொடங்கிய இரண்டாம் பக்கத்திலேயே இது தெரிந்துவிடும்: அந்த ஊரில், அந்த வயதில், அந்த மனிதர்கள் ஏன் ஐரிஷில் பேசுகிறார்கள் என்பதற்குக் கதைக்குள் எந்தக் காரணமும் இருக்காது. 'அன் காலீன் க்யூன்' படத்தில் சிறுமியின் தந்தை பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் பேசுகிறார். அந்த ஒரு தேர்விலேயே தந்தைக்கும் மகளுக்கும் இடையிலுள்ள தூரம் விளங்கிவிடுகிறது. இரு மொழிகளும் கலந்த வீட்டை அப்படியே காட்டுவது பலவீனம் ஆகாது. ஆஸ்கரின் சர்வதேசப் பிரிவுக்குக்கூட உரையாடலில் பாதிக்கு மேல் ஆங்கிலமல்லாத மொழியில் இருந்தால் போதும். ஆங்கிலமும் ஐரிஷும் கலந்த 'நீகேப்' அயர்லாந்தின் சார்பில் அதற்கு அனுப்பப்பட்டது.

வட்டார வழக்கையும் இத்துடன் சேர்த்தே யோசிக்க வேண்டும். மேற்கே கனமாராவின் ஐரிஷும், தெற்கே மன்ஸ்டரின் ஐரிஷும், வடமேற்கே டொனிகாலின் ஐரிஷும் ஒலியிலும் சொல்லிலும் வேறுபட்டவை. மன்ஸ்டரிலுள்ள டிங்கிள் தீபகற்பத்து அம்மாவுக்கு டொனிகால் பேச்சில் ஒரு மகன் இருந்தால், அம்மொழியைப் பிறப்பிலிருந்து பேசுபவர்கள் முதல் காட்சியிலேயே படத்திலிருந்து விலகிவிடுவார்கள். எண்ணிக்கையில் அவர்கள் குறைவுதான், ஆனால் படத்தைப் பற்றி முதலில் ஊரெங்கும் பேசப்போகிறவர்கள் அவர்களே. நடிகர் தேர்வுக்குப் பிறகு மொழி ஆலோசகரைத் தேடாமல், திரைக்கதையின் முதல் வரைவிலேயே அவரை உட்கார வையுங்கள்.

பன்னிரண்டு லட்சத்துக்குள் காவியம் எழுதுவது

பஞ்சக் காலக் கதையை இந்த வரம்புக்குள் எடுக்க முடியாது என்பதில்லை. 1840களின் பெரும் பஞ்சத்தைத்தான் 'அராக்ட்' எடுத்துக்கொண்டது. ஆனால் அது கூட்டங்களைக் காட்டுவதைவிட, கடலோரத்தில் ஒரு மீனவரையும் ஒரு சிறுமியையும் நெருங்கிப் பின்தொடர்ந்தது. புதியவர்களின் திரைக்கதைகளிலோ ஆயிரம் பேர் கூடும் துறைமுகமும் எரியும் மாளிகையும் வந்துவிடுகின்றன. நிதிக்குழு அதைப் படித்ததும், தயாரிப்பாளர் திரைக்கதையைப் படிக்கவே இல்லை என்று முடிவு செய்கிறது. இடங்களைக் குறைத்தால் படப்பிடிப்பு நாள் மிச்சமாகும், மிச்சமான நாள் நடிகர்களுக்குக் கிடைக்கும். சிறிய படத்தின் பலமே அங்குதான் இருக்கிறது.

வரிச் சலுகையைக் கைக்காசாக எண்ணுவது

அயர்லாந்து வரிச் சட்டத்தின் பிரிவு 481இன் கீழ் தகுதியுள்ள செலவில் 32 சதவீதமும், 2025 முதல் சிறிய, நடுத்தரக் கதைப்படங்களுக்கு 40 சதவீதம் வரையும் வரிச் சலுகை கிடைக்கும். படப்பிடிப்பின் முதல் திங்கட்கிழமை சம்பளம் கொடுக்க அந்தப் பணம் உங்கள் கணக்கில் இருக்கும் என்று எண்ணாதீர்கள்.

வடக்கை மறப்பது

வட அயர்லாந்தில் ஐரிஷ் மொழிப் படைப்புகளுக்கென்றே தனி ஒலிபரப்பு நிதியம் இருக்கிறது. விதிகளைப் படியுங்கள்.

சப்டைட்டிலைக் கடைசி வாரத்துக்குத் தள்ளுவது

பெரும்பாலோர் படித்துத்தான் உங்கள் படத்தைப் பார்க்கப்போகிறார்கள் என்று மேலே சொன்னேன். ஆயினும் பட்ஜெட்டில் அதற்கு மிகச் சிறிய தொகைதான் ஒதுக்கப்படுகிறது. ஒரு முன்னோட்டக் காட்சியில், நகைச்சுவை வசனத்தின் முடிவை நடிகர் சொல்வதற்கு முன்பே எழுத்து காட்டிவிட்டது. படித்தவர்கள் முதலில் சிரித்தார்கள், ஐரிஷ் தெரிந்தவர்கள் பிறகு சிரித்தார்கள், நடிகரின் அடுத்த வரி இரண்டு சிரிப்புக்கும் நடுவில் காணாமல் போயிற்று. வசனத்தை எங்கே இரண்டாக முறிப்பது, எழுத்து எத்தனை நொடி நிற்பது, வெளுத்த வானத்தின் மேல் வெள்ளை எழுத்து தெரியுமா என்பவையெல்லாம் படத்தொகுப்பு மேசையிலேயே தீர்மானிக்கப்பட வேண்டியவை. இரு மொழியிலும் நல்ல எழுத்தாளராக இருக்கும் ஒருவரைப் படத்தொகுப்பு தொடங்கும் நாளிலிருந்தே அமர்த்துங்கள். அவருடைய ஊதியத்தைப் பட்ஜெட்டில் தனி வரியாகக் காட்டுங்கள். பிற செலவுகளோடு சேர்த்து எழுதினால், பணம் குறையும்போது முதலில் வெட்டப்படுவது அதுவாகத்தான் இருக்கும்.