அடுக்குமாடியில் பொது டிஷ்: கோளாறு மொட்டை மாடியில் மட்டும் இல்லை

வீட்டுக்கு ஒரு டிஷ் என்று மொட்டை மாடி முழுவதையும் நிரப்புவதைவிட, ஒரே டிஷ்ஷிலிருந்து எல்லா வீடுகளுக்கும் சிக்னலைப் பகிர்ந்தளிப்பது அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கு நல்ல ஏற்பாடு. ஆனால் படம் உறைந்து நின்றவுடன் எல்லோரும் டிஷ்ஷைத்தான் சந்தேகிக்கிறார்கள். என் பார்வையில், முதலில் சோதிக்க வேண்டியது டிஷ்ஷுக்கும் செட்டாப் பெட்டிக்கும் இடையே சிக்னல் கடந்து வரும் வழியை.

மிகப் பெரிய தவறு, மேலிருந்து வரும் ஒற்றைக் கேபிளைச் சாதாரண ஸ்ப்ளிட்டரால் இரண்டு மூன்று வீடுகளுக்குப் பிரிப்பது. பழைய கேபிள் டிவிக்கு அது போதுமானதாக இருந்தது; டிஷ் வழியே செயற்கைக்கோளிலிருந்து நேரடியாக வீட்டுக்கு வரும் டிடிஎச்சுக்குப் போதாது. ஏனெனில் இங்கே செட்டாப் பெட்டியும் மேல்நோக்கிப் பேசுகிறது. செங்குத்து அலைகள் வேண்டுமென்றால் 13 வோல்ட், கிடைமட்ட அலைகள் வேண்டுமென்றால் 18 வோல்ட் மின்னழுத்தத்தை அதே கேபிளில் அனுப்புகிறது; டிஷ்ஷின் முன்னே சிக்னலைப் பிடித்துக் கேபிளுக்கு ஏற்றதாக மாற்றும் எல்.என்.பி. என்ற கருவி, கீழ், மேல் என இரு பட்டைகளையும் எடுக்கும் யுனிவர்சல் வகையாக இருந்தால், மேல் அலைவரிசைப் பட்டைக்கு 22 கிலோஹெர்ட்ஸ் துடிப்பையும் சேர்த்து அனுப்புகிறது. ஒரே கேபிளில் இரண்டு பெட்டிகள் வெவ்வேறு கட்டளைகளை அனுப்பினால் ஒன்றுதான் நிறைவேறும். பக்கத்து வீட்டார் சேனல் மாற்றும்போது நம் வீட்டுப் படம் மறைவது இதனால்தான். ஒவ்வொரு வீட்டின் கட்டளையையும் தனித்தனியே ஏற்று, உரிய அலையைத் தரும் மல்டிஸ்விட்ச்தான் இதற்கான கருவி.

மல்டிஸ்விட்ச் வாங்கிய பிறகும் ஒரு குழப்பம் நேர்வதுண்டு. குவாட் எல்.என்.பி., குவாட்ரோ எல்.என்.பி. இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். இரண்டிலும் நான்கு இணைப்பு முனைகள் உண்டு. குவாட் என்பது நான்கு பெட்டிகளுக்கு நேரடியாக இணைப்புத் தருவதற்கானது. குவாட்ரோ நான்கு அலைப் பிரிவுகளையும் (கீழ், மேல் பட்டைகள் ஒவ்வொன்றிலும் செங்குத்தும் கிடைமட்டமும்) நான்கு முனைகளில் நிலையாகத் தருகிறது. மல்டிஸ்விட்சுக்குப் பொருத்தமானது இதுவே. எல்.என்.பி.யின் அட்டைப்பெட்டி மேல் அச்சிட்டுள்ள பெயரை எழுத்துக்கூட்டிப் படித்து வாங்குங்கள்.

அடுத்தது கேபிள். செயற்கைக்கோள் சிக்னல் எல்.என்.பி.யிலிருந்து 950 முதல் 2150 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசையில் இறங்குகிறது. வழக்கமான ஆர்.ஜி.6 வகைக் கேபிளில் 100 மீட்டருக்கு, மேல் எல்லையில் சுமார் 30 டெசிபல் (சிக்னல் வலுவை ஒப்பிடும் அலகு) இழப்பு உண்டு. அதாவது 40 மீட்டர் இறங்குவதற்குள் ஏறக்குறைய பதினாறில் ஒரு பங்கு சக்திதான் மிஞ்சும். கீழ் எல்லையில் இழப்பு குறைவு. ஆகவே நீண்ட ஓட்டத்தில் எல்லாச் சேனல்களும் ஒன்றாக மங்குவதில்லை. உயர் அலைவரிசையில் உள்ளவையே முதலில் போகும். "சில சேனல் மட்டும் வரவில்லை" என்ற புகாரை நிறுவனத்தின் கோளாறு என்று ஒதுக்கிவிடக் கூடாது. விலை குறைவு என்பதற்காகச் செப்புப் பூச்சிட்ட எஃகு நடுக்கம்பி கொண்ட கேபிளை நீண்ட தூரத்துக்கு இழுத்தாலும் இதே புகார் வரலாம். அதன் மின்தடை அதிகம் என்பதால், பெட்டி அனுப்பும் 18 வோல்ட் வழியிலேயே தேய்ந்து, மல்டிஸ்விட்ச் அதை 13 என்று எடுத்துக்கொள்ளும். முழுச் செப்புக் கம்பியும், நீண்ட செங்குத்து ஓட்டங்களுக்குத் தடித்த ஆர்.ஜி.11 கேபிளும் செலவுக்குத் தகுந்தவை.

சிக்னல் குறைந்தது என்று கீழ்த்தளத்தில் ஆம்ப்ளிஃபையர் வைப்பதும் பயன் தராது. அது சிக்னலோடு இரைச்சலையும் சேர்த்தே பெருக்குகிறது. இழந்த தரம் திரும்பாது. சிக்னல் வலுவாக உள்ள மேல்பக்கத்தில், கணக்குப் போட்டு வைப்பதே சரி. வீட்டுச் சுவர் முனையில் சிக்னல் வலு 47 முதல் 77 டெசிபல் மைக்ரோவோல்ட் வரை இருக்க வேண்டும். மேல்தளத்து வீடுகளில் அதைத் தாண்டிவிட்டால் அளவுக்கு மீறிய வலுவாலும் படம் கெடும். மீட்டரால் அளந்து, ஒவ்வொரு வீட்டின் அளவையும் எழுதித் தருமாறு நிறுவுபவரிடம் சங்கம் கேட்பது அவசியம்.

எந்த நிறுவனத்தின் இணைப்பானாலும் ஒரே டிஷ்ஷில் எடுத்துவிடலாம் என்று எண்ணுவது இன்னொரு தவறு. டாடா ப்ளேயின் செயற்கைக்கோள் 83 பாகை கிழக்குத் தீர்க்கரேகையில் உள்ளது. டிடி ஃப்ரீ டிஷ் 93.5 பாகையிலும், ஏர்டெல் 108.2 பாகையிலும் உள்ளன. சென்னையிலிருந்து முதலாவது ஏறத்தாழத் தெற்கே, 74 பாகை உயரத்தில் நிற்கிறது. கடைசியானது கிழக்குத் தென்கிழக்கில் சுமார் 54 பாகை உயரத்தில்தான் இருக்கிறது. தண்ணீர்த் தொட்டியோ லிஃப்ட் அறையோ ஒன்றை மறைக்காமல் மற்றொன்றை மறைக்கக்கூடும். எந்தெந்த நிறுவனங்கள் வேண்டும் என்பதைக் கட்டட வரைபட நிலையிலேயே முடிவு செய்து, வீட்டுக்கு இரண்டு கேபிளாவது செல்லும்படி குழாய் பதித்துவிட்டால், பிற்காலத்தில் முகப்புச் சுவர் முழுக்கக் கம்பிகள் தொங்காது.

டிஷ் கம்பத்துக்கு எர்த்திங் கொடுக்காமல் விடுவது ஆபத்தானது; அதிலிருந்து இறங்கும் கேபிள் ஒவ்வொரு வீட்டின் தொலைக்காட்சியையும் தொடுகிறது. வெளிப்புறக் கனெக்டர்களில் நீர் புகாத உறை இல்லையென்றால் வடகிழக்குப் பருவமழையின்போது கேபிளுக்குள் ஈரம் ஏறி, பிறகு அந்தக் கேபிளையே மாற்ற வேண்டி வரும்.

கடைசியாக ஒன்று. மார்ச் நடுவிலும், செப்டம்பர் இறுதி முதல் அக்டோபர் தொடக்கம் வரையிலும், சூரியன் செயற்கைக்கோளுக்கு நேர் பின்னால் வரும் சில நாட்களில், பகலில் சில நிமிடங்கள் படம் தடைப்படலாம். அது தானாகச் சரியாகும். அந்த நேரத்தில் யாரும் டிஷ்ஷைத் திருப்பிவிடக் கூடாது. திருப்பினால், சூரியன் விலகிய பிறகும் ஒரு வீட்டிலும் படம் வராது.