தொட்டிக்குள் குளம்: சோதனை எங்கே கெடுகிறது?

பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் ஒன்றுதான் இருக்கிறது. அதில் உரத்தைக் கொட்டி என்ன ஆகிறதென்று பார்க்க முடியாது. அதனால்தான் நன்னீர்ச் சூழலை ஆராய்பவர்கள் பெரிய தொட்டிகளை வரிசையாக வைத்து, அவற்றைச் சின்னக் குளங்களாக்கிச் சோதிக்கிறார்கள். சென்னையில் கல்லூரி மொட்டைமாடியே போதும். ஆனால் தண்ணீர் நிரப்பும் நாளிலேயே சோதனை கெட்டுப்போக நிறைய வழி உண்டு.

மெட்ரோ தண்ணீரைப் பிடித்து அன்றைக்கே உயிர்களை விடாதீர்கள். பாசியை மேயும் சின்ன உயிர்களான நீர்த்தெள்ளுகளைக் குளோரின் கொன்றுவிடும். சில நாள் வெயிலில் திறந்து வைத்து, குளோரின் போய்விட்டதா என்று சோதித்த பிறகு விடுங்கள். சரி, போர் தண்ணீர்? கடலோரப் பகுதி என்றால் முதலில் உப்பைப் பாருங்கள். லாரித் தண்ணீரில் வேறு சிக்கல்: ஒவ்வொரு லோடும் ஒவ்வொரு கிணறாக இருக்கலாம். உரம் போடும் தொட்டிகளை ஒரு லோடிலும் மற்றவற்றை அடுத்த லோடிலும் நிரப்பினால், கடைசியில் நீங்கள் அளப்பது கிணறுகளின் வித்தியாசத்தை. புது சிமென்ட் தொட்டியில் சுண்ணாம்பு கசியும். பலமுறை ஊறவைத்துக் கொட்டியாக வேண்டும்.

அப்புறம் கொசு. மலேரியா பரப்பும் அனாஃபிலிஸ் ஸ்டீபென்சி நம் ஊரில் மாடித் தொட்டிகளிலும் கிணறுகளிலும் முட்டையிடும் கொசு. பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வந்தால் நியாயம் அவர் பக்கம்தான். அதற்காக கம்பூசியா மீனை விட்டுவிடாதீர்கள். அது கொசுப்புழுவோடு நீர்த்தெள்ளையும் தின்றுவிடும். பாசியை மேய ஆளில்லாமல் தண்ணீர் பச்சையாகும். நீங்களோ உரத்தால் வந்த பச்சை என்று எழுதி வைப்பீர்கள். கொசுவலைதான் வழி. வலை கொஞ்சம் நிழலும் தரும், தும்பியையும் தடுக்கும். ஆகவே எல்லாத் தொட்டிக்கும் ஒரே வகை வலை.

எனக்கு மிகவும் எரிச்சலூட்டும் தவறு இதுதான்: உரம் போட்ட தொட்டி ஒன்று, போடாதது ஒன்று, ஒவ்வொன்றிலும் பத்து பாட்டில் தண்ணீர் எடுத்துவிட்டு மாதிரி பத்து என்பது. தொட்டி ஒன்றென்றால் மாதிரியும் ஒன்றுதான். சூழலியலாளர் ஹர்ல்பெர்ட் 1984-லேயே இதைப் போலி மறுநிகழ்வு என்று கண்டித்து எழுதினார். பல தொட்டிகள் வையுங்கள். எதற்கு உரம் என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்யுங்கள். இல்லாவிட்டால் வேப்பமர நிழல் முழுக்க ஒரு பக்கத்துக்கே போய்விடும்.

ஆக்சிஜனை டீ குடித்துவிட்டுப் பதினோரு மணிக்கு அளந்தால் எல்லாம் நன்றாகவே தெரியும். ராத்திரி முழுக்கப் பாசியும் மூச்சுவிடுவதால், அளவு மிகக் குறைவது விடியற்காலையில்தான். ஐப்பசி மழைக்கு முன், எல்லாத் தொட்டியிலும் ஒரே உயரத்தில் ஓட்டை போட்டு வலை கட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் ஒரே ராத்திரி மழையில் நீர்த்தெள்ளெல்லாம் வழிந்து மாடிக் குழாய் வழியே தெருவுக்குப் போய்விடும்.