டெக்சஸை அமெரிக்காவோடு சேர மறுக்க வைக்கும் கதாசிரியர்கள் கவனத்துக்கு

மாற்று வரலாறு எழுத வருகிற பலருக்கும் டெக்சஸ் மீது ஒரு கண். 1836இல் மெக்சிகோவிடமிருந்து பிரிந்து, 1845 டிசம்பரில் அமெரிக்காவோடு சேரும்வரை அது தனிக் குடியரசாக இருந்தது. சேர மறுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஆரம்பிப்பார்கள். படித்துப் பார்க்கச் சொல்லி என்னிடம் வரும் பிரதிகளில் தேதிப் பிழைகள் இருந்தால் நான் பொருட்படுத்துவதில்லை. மெய்ப்புத் திருத்துபவர் பார்த்துக்கொள்வார். கதையையே கவிழ்ப்பவை வேறு.

ஒரே சொற்பொழிவில் நாட்டைத் திருப்புவது

பிரதியில், குடியரசின் முதல் அதிபரான சாம் ஹூஸ்டன் எழுந்து முழங்குவார். அவை இணைப்பைத் தூக்கி எறிந்துவிடும். ஆனால் டெக்சஸில் நடந்த 1836 வாக்கெடுப்பில் இணைப்பை ஆதரித்தவர்கள் மூவாயிரத்துக்கும் மேல், எதிர்த்தவர்கள் நூறு பேர்கூட இல்லை. தயங்கியது அமெரிக்காதான். 1844இல் அதன் செனட் இணைப்பு ஒப்பந்தத்தை 35க்கு 16 என்று தோற்கடித்தது. 1845 பிப்ரவரியில் இணைப்புத் தீர்மானம் 27க்கு 25 என்று மயிரிழையில் தப்பியது. அங்கே ஓரிரு வாக்குகளை மாற்றுங்கள். இன்னொரு முறை அவமானப்பட்ட டெக்சஸ் பிறகு முறுக்கிக்கொள்வதை நம்பலாம்.

கஜானாவை மறப்பது

எனக்கு இன்றும் எரிச்சல் மூட்டுவது இதுதான். அண்மையில் படித்த ஒரு பிரதியில், மறுப்புக்கு அடுத்த அத்தியாயமே 1850. ரயில் ஓடுகிறது, கடற்படை அணிவகுக்கிறது. பணம் எங்கிருந்து வந்தது என்று எழுதிய இளைஞரைக் கேட்டேன். “எண்ணெய் இருக்கிறதே சார்!” என்றார். டெக்சஸின் ஸ்பிண்டில்டாப்பில் எண்ணெய் பீறிட்டதே 1901இல்தான்.

இணைப்பை எதிர்த்த மிராபோ லாமார் 1838 முதல் மூன்றாண்டு அதிபராக இருந்தார். அவர் காலத்தில் வரவு சுமார் 10 லட்சம் டாலர், செலவு சுமார் 48 லட்சம். பின்பக்கம் சிவப்பாக அச்சடித்து வெளியிட்ட நோட்டுகள் 1842 வாக்கில் டாலருக்குச் சில சென்ட்தான் பெற்றன. அதே ஆண்டில்தான் மெக்சிகோப் படை இரண்டு முறை சான் அன்டோனியோவுக்குள் புகுந்தது. மறுபடி பதவிக்கு வந்த ஹூஸ்டன் செலவைக் கண்டபடி வெட்டினார். போர்க்கப்பல்களை ஏலம் விடப் போனபோது துறைமுக நகரான கால்வெஸ்டனின் மக்கள் திரண்டு ஏலத்தையே தடுத்தார்கள். இணைப்பை மறுக்கிற நாட்டுக்குச் சிப்பாயின் சம்பளம் மாதாமாதம் வேண்டும். அதை யார் கொடுப்பது?

விடைக்கான வாசல் பாரிஸில் இருந்தது. 50 லட்சம் டாலர் கடனுக்கு அங்கே பேச்சு நடந்துகொண்டிருந்தது. 1841இல் தலைநகர் ஆஸ்டினில், விடுதிக்காரர் புல்லக்கின் பன்றிகள் பிரெஞ்சுத் தூதர் சலிஞியின் குதிரைகளுக்கு வைத்திருந்த சோளத்தைத் தின்றன. தூதரின் வேலைக்காரர் பன்றிகளைக் கொன்றார். புல்லக் அந்த வேலைக்காரரைப் பிடித்துச் சாத்தினார். தூதர் கோபித்துக்கொண்டு ஊரை விட்டே கிளம்பிவிட்டார். கடனும் வரவில்லை. பன்றிதான் காரணமா என்று வரலாற்றாசிரியர்கள் சண்டை போடட்டும். கதைக்காரர்கள் வேலியை அடைத்து, கடனை வரவழைத்து, கூடவே கடனுக்கு ஈடாக எதைக் கொடுத்தார்கள் என்ற பத்திரத்தையும் எழுத வேண்டும். பிரெஞ்சுக் குடியேற்றக் கம்பெனிக்கு 30 லட்சம் ஏக்கர் கொடுக்கும் மசோதா ஒன்று அப்போதே டெக்சஸ் அவையில் பேசப்பட்டது. கடன் கொடுத்தவன் அதற்குக் குறைவாகவா கேட்பான்?

எல்லை

மெக்சிகோ சொன்ன நியூசெஸ் ஆறா, டெக்சஸ் கோரிய ரியோ கிராண்டே ஆறா? முதலில் முடிவு செய்யுங்கள்.

கோமாஞ்சிகள்

மேற்குச் சமவெளியில் ஆட்சி இந்தப் பூர்வகுடிகளுடையது. காலி நிலம் என்று எழுதாதீர்கள்.

பிரிட்டனை வள்ளலாக்குவது

1845இல் பிரிட்டிஷ் பிரதிநிதி சார்ல்ஸ் எலியட் மெக்சிகோவுக்கே போய், வேறு நாட்டோடு சேராவிட்டால் டெக்சஸை அங்கீகரிக்கிறோம் என்ற வாக்குறுதியைப் பெற்றுவந்தார். அபினிப் போர்க் காலத்தில் சீனாவில் இருந்த அதே எலியட்தான். இந்த வாக்குறுதியைப் பிடித்துக்கொண்டு கதையை நகர்த்துபவர்கள் ஒன்றை விட்டுவிடுகிறார்கள். பிரிட்டன் 1833இல் அடிமை முறையை ஒழிக்கச் சட்டம் போட்ட நாடு. டெக்சஸின் அரசியல் சட்டமோ அடிமைகளை விடுவிக்கும் அதிகாரத்தைத் தன் காங்கிரசுக்கே மறுத்திருந்தது. பருத்தித் தோட்ட முதலாளிகள் லண்டனின் நட்பை நினைத்து நடுங்கினார்கள். நான் பார்த்த பிரதிகள் பலவற்றில் அந்தப் பருத்தியைப் பறித்த ஆயிரக்கணக்கான கறுப்பின மக்கள் ஒரு வரியில்கூடத் தலைகாட்டுவதில்லை. நாடு மறுக்கிறதா என்பதைவிட அவர்கள் கதி என்ன என்பதுதான் எனக்குப் பெரிய கதையாகத் தெரிகிறது. அதை எழுதி ஒருவரும் இதுவரை என்னிடம் கொண்டுவரவில்லை.