வெளிநாட்டுல கம்மி ரேட்ல வெயிட் லாஸ் சர்ஜரியா? அட்வான்ஸ் கட்டறதுக்கு முன்னாடி இதைப் பாருங்க

பேக்கேஜ்ல ஆபரேஷன், ஹோட்டல், ஏர்போர்ட் பிக்கப்னு எல்லாத்தையும் சேர்த்து ஒரே ரேட்டா போட்டிருப்பாங்க, பாத்தாலே ஆசையா இருக்கும். ஆனா திரும்பி வந்து பத்தாம் நாள் ராத்திரி வயிறு வலிச்சா யாரு பாக்குறதுன்னு அதுல எங்கயும் இருக்காது. அதனால முதல் வேலை, நீங்க இருக்குற ஊர்லயே ஒரு டாக்டர்கிட்ட போய், நான் வெளிய பண்ணிட்டு வந்தா அப்புறம் என்னைப் பாப்பீங்களான்னு கேளுங்க. சிலர் மாட்டேன்னு சொல்லிடுவாங்க, அது இப்பவே தெரியுறது நல்லதுதான்.

இதுல நிறைய பேர் பண்ற ஸ்லீவ்ங்கிற ஆபரேஷன்ல இரைப்பைல 75-80 சதவீதம் வெட்டி எடுத்துட்டு மிச்சத்தை ஸ்டேப்பிள் போட்டுக் குழாய் மாதிரி ஆக்கிடுவாங்க, வெட்டினதைத் திரும்ப ஒட்ட முடியாது. அந்த ஸ்டேப்பிள் போட்ட இடத்துல கசிஞ்சா அதுதான் லீக், நிறைய பேருக்கு டிஸ்சார்ஜ் ஆனப்புறம்தான் தெரியும், அதுக்குள்ள நீங்க ஃப்ளைட் ஏறியிருப்பீங்க.

அடுத்து, வாட்ஸ்அப்ல பேசுற கோஆர்டினேட்டர் டாக்டர் இல்ல, சேல்ஸ் ஆளு. கத்தி வைக்கப் போற சர்ஜனோட வீடியோ கால்ல பேசணும்னு கேளுங்க. உங்களுக்கு நெஞ்செரிச்சல் அதிகம்னா ஸ்லீவ் அதை இன்னும் மோசமாக்கலாம், பைபாஸ் (ஹார்ட் பைபாஸ் இல்ல, இரைப்பையைச் சின்னதாக்கிக் குடலோட இணைக்கிற ஆபரேஷன்) சரியா வரலாம், இதை அவரே கேக்கணும். 2022-ல வந்த சர்வதேச வழிகாட்டுதல்ல பிஎம்ஐ (உயரத்துக்கு எடை எவ்வளவுன்னு பாக்குற கணக்கு) 35-க்கு மேல, சுகர் இருந்தா 30-லயே, ஆசியக்காரங்களுக்கு 27.5-லயே யோசிக்கலாம்னு இருக்கு. ரிப்போர்ட் எதுவும் பாக்காம போட்டோவ மட்டும் பாத்துட்டு டேட் குடுக்குற இடத்துக்குப் போகாதீங்க.

இன்ஃபெக்‌ஷனும் சும்மா பயமுறுத்துற கதை இல்ல. 2019-ல மெக்சிகோ டிஹுவானால ஆபரேஷன் பண்ணிட்டு வந்தவங்களுக்கு, பவரான ஆன்டிபயாடிக்குக்கே அடங்காத சூடோமோனாஸ் கிருமி வந்து அமெரிக்க அரசோட நோய்த் தடுப்பு மையம் சிடிசி எச்சரிக்கை விட்டுச்சு. 2023-ல துருக்கில எடை குறைய இரைப்பைல போடாக்ஸ் ஊசி போட்டவங்க 60 பேருக்கு மேல போட்டுலிசம்னு நரம்பைத் தாக்கி தசையை வேலை செய்ய விடாம ஆக்குற விஷ நோய் வந்து படுத்தாங்க (அதுல கத்தியே வைக்கல பாருங்க).

ஃப்ளைட் விஷயம்: வயித்து ஆபரேஷனுக்கு அப்புறம் 10 நாளாவது பறக்க வேண்டாம்னு சிடிசி சொல்லுது. ஆபரேஷன் பண்ணாலே கால்ல ரத்தம் உறையுற ரிஸ்க் இருக்கு, அதோட நாலு மணி நேரத்துக்கு மேல ஒரே சீட்ல உக்காந்தா இன்னும் ஏறும், அந்த ரத்தக் கட்டி நுரையீரலுக்குப் போனா உயிருக்கே ஆபத்து. பேக்கேஜ் நாலு நைட்டுதான்னா மிச்ச நாளுக்கு ரூம் காசையும் கணக்குல சேருங்க, ரத்தம் உறையாம இருக்குற ஊசி எத்தனை நாளைக்குன்னும் கேட்டுக்கோங்க. சாதாரண டிராவல் இன்சூரன்ஸ்ல ப்ளான் பண்ணிப் பண்ற ஆபரேஷனோட சிக்கலுக்கு பொதுவா காசு தரமாட்டாங்க, பாலிசியைப் படிச்சுப் பாருங்க.

டிஸ்சார்ஜ் அப்போ ஆபரேஷன் நோட்டை உங்க டாக்டருக்குப் புரியுற பாஷைல கையோட வாங்கிடுங்க. "மெயில்ல அனுப்புறோம்" எல்லாம் வேண்டாம்.

வீட்டுக்கு வந்ததும் தினமும் நாடி எண்ணுங்க. சும்மா உக்காந்திருக்கும்போதே நிமிஷத்துக்கு 120-க்கு மேல போனா, காய்ச்சல் இல்லாட்டியும், வலி கம்மியா இருந்தாலும், உடனே எமர்ஜென்சிக்குப் போங்க, லீக்குக்கு முதல் அறிகுறி பல நேரம் அதுதான். இடது தோள்பட்டை வலி, மூச்சு வாங்குறது, ஒரு கால் மட்டும் வீங்குறது, இதுக்கும் அதேதான். வெளிநாட்டுல பண்ணிட்டு வந்தேன்னு வெக்கப்பட்டு மறைக்காதீங்க, உள்ள போனதும் அதைத்தான் முதல்ல சொல்லணும். விடாம வாந்தி எடுத்து ட்ரிப் ஏத்துறாங்கன்னா விட்டமின் பி1 சேர்த்துப் போடுறீங்களான்னு கேளுங்க, அது இல்லாம வெறும் குளுக்கோஸ் ஏறினா மூளை பாதிக்கலாம். பி12, இரும்புச்சத்து, கால்சியம், விட்டமின் டி மாத்திரை ஆயுசு முழுக்க, ரத்தப் பரிசோதனையும் கூடவே, இந்தச் செலவும் எந்த பேக்கேஜ்லயும் இருக்காது.