தவிப்புக்கு மதிப்பெண் போட்டேன்

மூன்று முறை சிகரெட்டை விட்டு மூன்று முறையும் தோற்ற எனக்கு, நான்காவது முறை கைகொடுத்தது ஒரு சின்ன நோட்டும் பென்சிலும்தான்.

ஆலோசகர் முதலில் ஃபேகர்ஸ்ட்ராம் சோதனையின் 6 கேள்விகளைக் கேட்டார். கண்விழித்த 5 நிமிடத்துக்குள் முதல் சிகரெட் என்றாலே 3 மதிப்பெண். எனக்கு மொத்தம் 10-க்கு 7. ஆனால் அது அடிமைத்தனத்தின் அளவு. அந்தந்த நேரத்துத் தவிப்பை அது காட்டாது. அதற்குத்தான் நோட்டு. தவிப்பு எழும்போதெல்லாம் நேரம், இடம், 0 முதல் 10 வரை ஓர் எண்.

முதல் வாரம் பக்கங்கள் நிரம்பி வழிந்தன. காலை 11 மணி, டீக்கடை, 9. கண்ணாடி டம்ளரை வைக்கும் சத்தம் கேட்டாலே விரல்கள் சட்டைப்பையைத் துழாவும். சிகரெட்டைத் தொடாமல் ஐந்து நிமிடம் கழித்து மறுபடி எண் போட்டேன்: 4. அலை தானாகவே வடியும் என்பதைத் தாளில் கண்ட பிறகுதான் நம்பினேன். நான் பயந்திருந்த இரவு நேரமோ 3-ஐத் தாண்டவே இல்லை!

எதிரி யாரென்று தெரிந்துவிட்டது. டீயை 11.30-க்குத் தள்ளினேன். மருத்துவர் சொன்னபடி 10.45-க்கு நிக்கோட்டின் சூயிங்கத்தை மெதுவாக மென்று, காரம் ஏறியதும் கன்னத்தோரம் ஒதுக்கிவைத்தேன். ஆறாவது வாரம் 11 மணிக்கு நேராக எழுதிய எண் 2.