முதல் வாரம் ஆயாவுக்கு: செட்டிநாட்டுக்கு வருகிறவர்களுக்குச் சில குறிப்புகள்

ஆயா என்றால் எங்கள் பக்கத்தில் பாட்டி. எங்கள் வீட்டில் என் மகனுக்கு ஆயாவான அம்மா படுக்கும் அறையிலிருந்து கொல்லைப்புறக் கழிப்பறைக்கு 64 எட்டு. நடுவில் நான்கு நிலைப்படி, ஒரு முற்றம், மழைக்காலமென்றால் ஈரக்கல். என் மகன் அம்மாவிடம் வளர்ந்தபோது ஒருமுறை ஊருக்குப் போயிருந்தேன், ராத்திரி அவர்கள் பின்னாலேயே நடந்து எண்ணினேன். அதற்கு முந்தைய வாரம்தான் அம்மாவுக்குச் சிறுநீர்த் தொற்று வந்து, காய்ச்சலில் நிதானம் தப்பி, என் மகனை என் தம்பி பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். டாக்டர் கேட்ட முதல் கேள்வி: "ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி குடிக்கிறீங்க ஆச்சி?" சாயங்காலம் 5 மணிக்கு மேல் அம்மா தண்ணீரையே தொடுவதில்லை என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். குடித்தால் ராத்திரியில் எழுந்து 64 எட்டு நடக்கணுமே. தூங்கும் பேரனைத் தனியாக விட்டுப் போகவும் மனசு வராது.

என் மகன் ஒரு வயதிலிருந்து நாலு வயதுவரை அம்மாவிடம் வளர்ந்தவன். நாங்கள் இரண்டு பேரும் சிங்கப்பூரில் வேலை. இப்படிப் பிள்ளையை விட்டு வைத்திருப்பவர்கள் நம்மில் நிறையப் பேர். விடுமுறைக்கு இரண்டு மாதம் விட்டுவிட்டுத் திரும்புகிறவர்கள் அதைவிட அதிகம். செட்டிநாட்டுக்கு இது புதிதல்ல. பர்மா, மலாயா, இலங்கை என்று ஆண்கள் கொண்டுவிக்க (வட்டித் தொழிலுக்கும் வியாபாரத்துக்கும்) போன காலத்திலும் சாவிக்கொத்தும் பிள்ளையும் ஆச்சிமார் இடுப்பில்தான் இருந்தன. ஆனால் அன்றைக்கு ஒரே வளவுக்குள் (முற்றமும் அதைச் சுற்றிய அறைகளும்) நாலு பங்காளி வீட்டுப் பெண்கள் இருந்தார்கள். அடுப்பு தனியாக இருந்தாலும் கூப்பிட்ட குரலுக்கு ஆள் வந்தது. இப்போது அதே வீட்டில் ஆயா, ஐயா (தாத்தா), ஒரு பேரன். மற்ற அறையெல்லாம் பூட்டு.

ஆகவே நான் சொல்வது ஒன்றுதான். மூன்று வாரம் விடுப்பில் வந்தால் முதல் வாரத்தை ஆயாவுக்குக் கொடுங்கள். பிள்ளையார்பட்டிக் கோயிலும் கானாடுகாத்தான் பெரிய வீடுகளும் எங்கேயும் போய்விடாது.

வந்து இறங்கியதும்

திருச்சியில் இறங்கினாலும் மதுரையில் இறங்கினாலும் காரைக்குடிக்கு ஏறக்குறைய 90 கிலோமீட்டர், காரில் இரண்டு மணி நேரம். வருகிற தேதியை முகூர்த்த நாட்களோடு மோதவிடாதீர்கள். அந்த வாரத்தில் கார் கிடைக்காது, சமையலுக்கு ஆள் கிடைக்காது, ஆயாவும் ஆளுக்கு முன்னால் கல்யாண வீட்டில் நிற்பார்கள்.

நீங்கள் வருவதாகச் சொன்ன நாளிலிருந்தே அங்கே வேலை தொடங்கிவிடும். சீப்புச் சீடை, மாவுருண்டை, தேன்குழல், வந்த அன்றைக்கு வெள்ளைப் பணியாரம். பாசம்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் 68 வயதில் முட்டி தேய்ந்தவர்கள் அடுப்படியில் நாலு மணி நேரம் நிற்கிறார்கள். பலகாரத்தைக் காரைக்குடிக் கடையில் வாங்கிக்கொள்ளலாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கோபித்துக்கொள்வார்கள். பரவாயில்லை. சமையலுக்கு ஒரு ஆள் வைத்துக் கூலியை நீங்களே கொடுத்துவிடுங்கள், "எதுக்குத்தா தண்டச் செலவு" என்று அவர்கள் சொல்வதற்கு முன்னால்.

மாத்திரை டப்பா

முதல் நாள் அலுப்பு தீர்ந்ததும் செய்ய வேண்டியது: அலமாரி, தலைமாடு, சாமி மாடம், எவர்சில்வர் டப்பா என்று எங்கெங்கே மாத்திரை இருக்கிறதோ அத்தனையையும் ஒரு தாம்பாளத்தில் கொட்டுங்கள். அட்டைகளைப் போட்டோ எடுத்து, உள்ளே என்ன மருந்து என்று சிறிய எழுத்தில் இருப்பதைப் படியுங்கள். எங்கள் வீட்டுத் தாம்பாளத்தில் ஒரே ரத்த அழுத்த மருந்து இரண்டு கம்பெனிப் பெயரில் இருந்தது. இரண்டு டாக்டர், இரண்டு சீட்டு, அம்மா இரண்டையும் விழுங்கிக்கொண்டிருந்தார்கள். காலையில் எழுந்ததும் தலை சுற்றுகிறது என்று அவர்கள் சொன்னதை வயசு என்று நாங்கள் விட்டிருந்தோம்.

அதைவிட மோசம் வலி மாத்திரை. மூட்டு வலிக்குச் சீட்டில்லாமல் கடையில் கேட்டு வாங்கித் தினம் ஒன்று போடுகிறவர்கள் நம் ஊரில் வீட்டுக்கு ஒருவர். நாள்பட்டால் அது சிறுநீரகத்தைக் கெடுக்கும், ரத்த அழுத்தத்தையும் ஏற்றும். சர்க்கரை இருப்பவர்களுக்கு இன்னும் ஆகாது. பேரனைத் தூக்கித் தூக்கி இடுப்பு போனதால்தான் அந்த மாத்திரை என்பதையும் அவர்களே சொல்லமாட்டார்கள், நாம்தான் கேட்க வேண்டும்.

சாப்பாட்டு நேரத்தையும் இரண்டு நாள் கவனித்துப் பாருங்கள். சர்க்கரை மாத்திரையைக் காலையில் போட்டுவிட்டு, பேரனுக்கு ஊட்டி, பள்ளிக்கூட வேனில் ஏற்றிவிட்டு, 10 மணிக்கு அவன் மிச்சம் வைத்த இட்லியைத் தின்னும் ஆயாக்களுக்குத்தான் திடீரென்று சர்க்கரை இறங்கிக் கை நடுங்கும். இதற்கு டாக்டர் தேவையில்லை. ஆயா முதலில் சாப்பிட வேண்டும், அவ்வளவே.

2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் வீட்டுக்கே வந்து பார்த்து மாத்திரை கொடுக்கிறார்கள். "அரசாங்க மாத்திரை நமக்கெதுக்கு" என்று கௌரவம் பார்த்து அப்படி வரும் சுகாதாரப் பணிப் பெண்ணை வாசலோடு திருப்பி அனுப்பும் வீடுகள் எனக்குத் தெரியும். மாத்திரை வேண்டாமென்றால் விடுங்கள். மாதம் ஒருமுறை ரத்த அழுத்தம் பார்க்க ஒரு ஆள் உள்ளே வருவது சின்ன விஷயம் இல்லை. திண்ணையில் உட்காரவைத்து மோர் கொடுங்கள்.

ஆயா சொல்லாத விஷயங்கள்

ஐயாவோ மகனோ பக்கத்தில் இருக்கும்போது கேட்டால் ஒரே பதில்தான்: "எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன்." மத்தியானம், பேரன் தூங்கும் நேரம், முருங்கைக்கீரை உருவிக்கொண்டே கேளுங்கள். மகளோ மருமகளோ கேட்பது உத்தமம். அதுவும் "ஏதாவது பிரச்சினையா" என்று பொத்தாம்பொதுவாகக் கேட்காமல் ஒவ்வொன்றாக. தும்மினால், இருமினால், பிள்ளையைத் தூக்கினால் சிறுநீர் கசிகிறதா? அடியில் ஏதோ இறங்குவது போல இருக்கிறதா? மாதவிலக்கு நின்று ஒரு வருஷத்துக்குப் பிறகு எப்போதாவது சொட்டு ரத்தம் பட்டதா? மார்பில் கட்டி, காம்பில் கசிவு?

அடி இறங்குதல் என்று ஊரில் சொல்லும் கர்ப்பப்பை இறக்கத்தோடு 20 வருஷம் பேசாமல் வாழ்ந்தவர்கள் உண்டு. 14 கிலோப் பேரனை இடுப்பில் வைத்து நடந்தால் அது கூடத்தான் செய்யும். ஆரம்பத்தில் இடுப்புத்தசைப் பயிற்சி உதவும், உள்ளே வளையம் பொருத்தலாம், முற்றினால் அறுவை சிகிச்சை. எல்லாவற்றுக்கும் வழி இருக்கிறது என்று தெரிந்தாலே பாதி வெட்கம் போய்விடும். ஆனால் விலக்கு நின்றபின் படும் ரத்தத்தை மட்டும் ஒருநாளும் சும்மா விடக்கூடாது. ஒரு சொட்டானாலும் மகப்பேறு மருத்துவரிடம் காட்ட வேண்டும். பெரும்பாலும் சாதாரணக் காரணமாக இருக்கும். கர்ப்பப்பைப் புற்றுநோய் அப்படித்தான் தலைகாட்டும் என்பதால்தான் பார்க்கச் சொல்வது.

30 வயதைத் தாண்டிய பெண்களுக்கு அரசு மருத்துவமனைகளில் கர்ப்பப்பை வாய், மார்பகப் புற்றுநோய்ச் சோதனை இலவசம். அம்மா வரமாட்டேன் என்றார்கள். நான் பக்கத்துப் புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி ரெட்டியின் கதையைச் சொன்னேன். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர், 1954ல் அடையாற்றில் அந்த நோய்க்கென்றே மருத்துவமனை தொடங்கியவர். "தங்கச்சி போச்சேன்னு இவ்வளவு செஞ்சிருக்காக" என்று அம்மா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்கள். மறுநாள் சின்னம்மாவையும் கூட்டிக்கொண்டு கிளம்பினார்கள். தனியாகக் கூப்பிடாதீர்கள். இரண்டு மூன்று பேராகக் கோயிலுக்குப் போவது போலப் போனால் வருவார்கள்.

65 தாண்டியிருந்தால் எலும்பு அடர்த்தியையும் ஒருமுறை பார்த்துவிடலாம், அதற்கு மதுரையோ திருச்சியோ போக வேண்டியிருக்கும். கண்ணுக்கும் அதே பயணத்தில் நேரம் வையுங்கள். புரை விழுந்த கண்ணோடு பேரனுக்கு மருந்து அளக்கிறார்கள்.

வீடும் விழுதலும்

தெருவுக்குத் தெரு நீளும் வீடு, பர்மாத் தேக்கு, ஆத்தங்குடிக் கல் என்று உலகமே போட்டோ எடுக்கிறது. வயதானவர்களுக்கு அந்த வீடு பெரும்பாடு. ஈரமான கல் வழுக்கும், பளபளப்புக்கென்று எண்ணெய் தொட்டுத் துடைத்தால் இன்னும் வழுக்கும். நிலைப்படி உயரம். வளவின் நடுவே வெயிலிலிருந்து இருட்டுக்குள் நுழைந்தால் ஒரு நிமிஷம் கண் தெரியாது. தேய்ந்த எலும்போடு விழுந்து தொடை எலும்பு முறிந்தால், அதற்குப் பிறகு பேரனை வளர்ப்பதென்ன, ஆயாவையே வளர்க்க ஆள் தேட வேண்டும்.

படுக்கும் அறையோடு ஒட்டிக் கழிப்பறை கட்டிவிடலாமே என்பீர்கள். பொது வீடாக இருந்தால் பங்காளிகள் ஒப்ப வேண்டும், ஒருவர் பினாங்கில் இருப்பார், இன்னொருவர் பேசமாட்டார். அந்தப் பஞ்சாயத்து முடியும்போது முடியட்டும். நான் செய்தது: கட்டில் பக்கத்தில் கமோடு நாற்காலி, ஆள் அசைந்தால் தானாக எரியும் சின்ன விளக்குகள் போகிற வழியெல்லாம், குளியலறையில் கைப்பிடிக் கம்பி, ரப்பர் விரிப்பு. யார் கையெழுத்தும் தேவைப்படவில்லை. கமோடு நாற்காலியைப் பார்த்ததும் "நான் என்ன படுத்த படுக்கையா" என்று அம்மா மூன்று நாள் அதன்மேல் துணி மடித்து வைத்தார்கள். நாலாம் நாள் மழை பெய்தது.

பேரனை விட்டுப் போகிறவர்களுக்கு

கொல்லைக் கிணற்றுக்கு இரும்பு வலை போடாமல் பிள்ளையை விடாதீர்கள். ஊருணிக்கரையில் வீடு என்றால் கதவில் பிள்ளைக்கு எட்டாத உயரத்தில் தாழ்ப்பாள். ஆயாவின் மாத்திரை டப்பாவும் அதே உயரத்துக்குப் போக வேண்டும். சிலவகைச் சர்க்கரை மாத்திரையில் ஒன்றைச் சின்னப்பிள்ளை மிட்டாய் என்று தின்றாலே உயிருக்கு ஆபத்து.

காய்ச்சல் மருந்தில் ஒரு எச்சரிக்கை. பாராசிட்டமால் சிரப் பாட்டிலுக்குப் பாட்டில் வீரியம் மாறும். 5 மில்லியில் 120 அல்லது 125 மில்லிகிராம் உள்ளதும் உண்டு, 250 உள்ளதும் உண்டு. நீங்கள் கொண்டுவந்தது தீர்ந்து, ஆயா கடையில் வேறு வாங்கி, அதே அளவு ஊற்றினால் இரட்டிப்பாகிவிடலாம். பிள்ளையின் எடைக்கு எத்தனை மில்லி என்று டாக்டரிடம் கேட்டு, பாட்டிலின் மேலேயே தமிழில் பெரிதாக எழுதி ஒட்டுங்கள். சமையல் கரண்டி வேண்டாம், மூடியோடு வரும் அளவுக் குப்பிதான்.

காகிதங்கள்: தடுப்பூசிப் புத்தகம், பாஸ்போர்ட், விசா அல்லது ஓசிஐ (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான அட்டை) நகல்கள், அவசரமென்றால் சிகிச்சைக்கு ஆயாவோ ஐயாவோ சம்மதிக்கலாம் என்று தாய் தகப்பன் இரண்டு பேரும் கையெழுத்திட்ட கடிதம். வருஷக்கணக்கில் விடுவதானால் சட்டப்படி பாதுகாவலர் பொறுப்புப் பற்றி ஒரு வக்கீலைக் கேட்டுக்கொள்ளுங்கள். 108 ஆம்புலன்ஸ், மூத்தோர் உதவிக்கு 14567, மனநல ஆலோசனைக்கு 14416. சுவரில் எழுதுங்கள். போனில் பதிந்தால் ராத்திரியில் கண்ணாடி தேட வேண்டும்.

பணத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்ப வருமானம் ஆண்டுக்கு 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும், நம்மில் பலருக்குப் பொருந்தாது. தனியார் காப்பீட்டில் 65 வயதுக்கு மேல் புதிதாகச் சேர முடியாது என்ற பழைய தடை 2024 ஏப்ரலில் நீங்கிவிட்டது. ஏற்கெனவே இருக்கும் நோய்க்குக் காத்திருப்புக் காலம் மூன்று வருஷம்வரை இருக்கலாம், ஆகவே தள்ளிப்போடாதீர்கள். மாதச் செலவுக்கு அனுப்புவதோடு ஆயாவுக்கென்று தனியாக ஒரு தொகை அனுப்புங்கள். பேரன் செலவில் அவர்கள் மருந்து கரைந்துவிடும்.

கூட்டிக்கொண்டு போகும்போது

இதை நான் சரியாகச் செய்யவில்லை. நாலு வயதில் மகனைச் சிங்கப்பூருக்கு அழைத்து வந்தபோது பள்ளிச் சேர்க்கை, டிக்கெட், சாமான் என்று ஓடினேன். அவன் ஏங்கிவிடுவான் என்றுதான் கவலைப்பட்டேன். அவன் பத்து நாளில் தேறிவிட்டான். அம்மா இரண்டு மாதம் சரியாகச் சாப்பிடவில்லை, மூன்று மணிக்கே விழித்துக்கொள்வார்கள். "வீடு ஓன்னு கிடக்கு" என்று சின்னம்மாவிடம் சொன்னது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. தூக்கமின்மையும் பசியின்மையும் இரண்டு வாரத்துக்கு மேல் நீண்டால் அதை வயசு என்று தள்ளாமல் டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

இப்போது செய்வதானால் ஒரு மாதம் முன்பே வந்து இருப்பேன். ஊட்டுவது, குளிப்பாட்டுவது எல்லாம் மெல்ல மெல்ல என் கைக்கு மாறும்படி. கிளம்பிய பிறகு பத்து நாளாவது சின்னம்மாவை அங்கேயே தங்கச் சொல்லியிருப்பேன். வீடியோவில் கூப்பிட்டால் பையன் முகத்தை மட்டும் காட்டிவிட்டு வைத்துவிடாமல் அம்மாவிடம் அவர்களைப் பற்றிக் கேட்டிருப்பேன். அங்கே இருந்தபோது அவனுக்கு அம்மா சோறூட்டியது ராத்திரி 7 மணிக்கு. எங்களுக்கு அப்போது ஒன்பதரை. இப்போது தினம் அந்த நேரத்துக்குத்தான் கூப்பிடுகிறேன். முதல் கேள்வி சாப்பாடு, இரண்டாவது கேள்வி தண்ணீர்.